பார்த்து நிற்போர் கரை: கைக்கோவுராவில் திமிங்கிலக் காட்சித் தொழில் தோன்றிய வரலாறு

1. முன்னுரை

நியூசிலாந்து என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழாராய்ச்சியாளர் நினைவில் முன்னிற்பது அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியேயாம். மாவோரி மக்கள் அடுகலமாகப் பயன்படுத்தி வந்த அம்மணியை வில்லியம் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர் 1836-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டு பெற்றார். அது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதனை மீண்டும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நாட்டுக் கடல் வரலாற்றில் நம்மவர் கருத்தை இதுகாறும் கவராத மற்றொரு பகுதி உண்டு. தென்தீவின் கீழைக்கரையில் உள்ள கைக்கோவுரா என்னும் சிற்றூர், திமிங்கிலத்தைக் கொன்று வாழ்ந்த நிலை நீங்கி, அதனை அயலார்க்குக் காட்டி வாழும் நிலையை எய்திய வரலாறே அது.

இம்மாற்றத்திற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் எளியது. பண்டு மக்கள் அறியாமையால் கொன்றனர், பின்னர் அறிவு வளர்ந்தது, அருள் பிறந்தது, எறியீட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைநோக்கியைக் கையில் எடுத்தனர் என்பர். கேட்பதற்கு இனிய இக்கூற்று ஆண்டுக் கணக்கோடு பொருந்தவில்லை. நியூசிலாந்தில் திமிங்கில வேட்டை நின்றது 1964-இல். கைக்கோவுராவில் காட்சித் தொழில் தொடங்கியது 1987-இல். இடைப்பட்ட ஆண்டுகள் இருபத்து மூன்று. வேட்டையை விட்டவரே காட்சியைத் தொடங்கினர் எனின் இவ்விடைவெளி எற்றுக்கு? வேட்டை நின்றது அருளாலா, வேறொன்றாலா? காட்சித் தொழிலைத் தொடங்கியோர் யாவர்? அதன் பயன் யாருக்கு உரியது என்று எவர் முடிவு செய்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

எழுத்து முறை பற்றி ஒன்று கூறல் வேண்டும். இப்பகுதிப் பழங்குடியின் பெயர் ‘ஙாய் தாகு’ என்பது. அதன் உட்கிளை ‘ஙாத்தி கூரி’. மொழிமுதல் ஙகரம் தமிழிற்கு இயல்பன்று. நன்னூலாரும் சுட்டு முதலியவற்றின் பின் வரும் ‘ஙனம்’ ஒன்றற்கே இடந்தருவர். எனினும் மாவோரி மொழியின் ஒலியைக் காட்டுவதற்கு நம் ஙகரமே ஏற்றது ஆதலின் அவ்வாறே ஈண்டு எழுதப்பெறுகின்றது.

2. நிலமும் கடலும் பெயரும்

கைக்கோவுரா, கிறைசுட்சர்ச் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், ஒரு சிறு தீபகற்பத்தை ஒட்டி அமைந்துள்ளது. ஊரின் பின்புறத்தே 2,600 மீட்டர் வரை உயர்ந்த மலைத்தொடர் நிற்கின்றது. மலையின் உயரத்தினும் வியக்கத்தக்கது கடலின் ஆழம். பிற கரைகளில் ஆழ்கடலைக் காண நெடுந்தொலைவு செல்லல் வேண்டும். ஈண்டோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை மிக நெருங்கி வருகின்றது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் சென்றவுடன் நீரின் ஆழம் 1,000 மீட்டரைக் கடந்துவிடுகின்றது. வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் தண்ணீரோட்டமும் இப்பகுதியிற் கலத்தலின் உயிர்வளம் மிகுந்துள்ளது.

இப்பள்ளத்தாக்கில் இரைதேடி வருவன எண்ணெய்த் திமிங்கிலங்கள். ஆங்கிலவழி ‘ஸ்பெர்ம்’ திமிங்கிலம் என வழங்குவன இவையே. இவற்றுள் ஈண்டுக் காணப்படுவன பெரும்பாலும் ஆண்களே. பெண்ணும் கன்றும் வெப்பமிகு கடல்களிலே தங்க, ஆண்கள் குளிர்கடல் நோக்கி வந்து இரை கொள்கின்றன. ஒரு முறை மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரையும் சில வேளை அதற்கு மேலும் ஆழத்தில் இருந்து, பின் மேலெழுந்து பத்து நிமிடம் அளவில் மூச்சு வாங்கி, வாலை உயர்த்தி மீண்டும் மூழ்கும். இவை ஆண்டு முழுவதும் வருதலும், கரைக்கு அணித்தே வருதலும், மேலெழுந்தபின் சிறிது பொழுது அசையாது கிடத்தலும் ஆகிய மூன்று இயல்புகளும் இல்லையேல் கைக்கோவுராவில் காட்சித் தொழில் நிலைத்திராது. வேட்டைத் தொழிலுக்கும் இவ்வியல்புகளே துணைபுரிந்தன என்பதும் மறத்தற்கில்லை.

ஊர்ப்பெயரில் வரும் ‘கை’ தமிழ்க் கை அன்று. மாவோரி மொழியில் ‘கை’ என்பது உணவு. ‘கோவுரா’ என்பது நம் கடற்கரையில் சிங்கி இறால் என வழங்கும் இனம். தாமாகி தெ ராங்கி என்னும் முன்னோன் சிங்கி இறாலைச் சுட்டுண்ட தீ என்பதே நீண்ட பழம்பெயரின் பொருள். அதன் சுருக்கமே இன்றைய பெயர். ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு மொழியுறவு கற்பித்தல் எத்துணைத் தீங்குடையது என்பதற்கு இச்சொல்லும் ஓர் எடுத்துக்காட்டாம்.

இக்கரைக்கு அயலார் இட்ட பெயர் வேறு. 1770-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் இவ்வழியே சென்றபோது, நான்கு இரட்டைத் தோணிகளில் 57 பேர் வந்து, கப்பலை அணுகாமலும் அகலாமலும் நின்று நோக்கிவிட்டுச் சென்றனர். அதனால் குக் இவ்விடத்திற்குப் ‘பார்த்து நிற்போர்’ என்னும் பொருள்படும் பெயரிட்டார். அன்று பார்க்கப்பட்டது அயலார் கப்பல். பார்த்தவர் நிலத்திற்கு உரியோர். பிற்கால வரலாற்றை நோக்கும்போது இப்பெயர் நினைவிற்கொள்ளத் தக்கது.

3. வேட்டைக் காலம்

ஐரோப்பியர் வருமுன் மாவோரியர் பெருந்திமிங்கிலங்களை வேட்டையாடினர் எனக் கூறுதற்குத் தக்க சான்று இல்லை. கரையொதுங்கிய திமிங்கிலத்தையே அவர்கள் பயன்கொண்டனர். அதன் ஊனும் எண்ணெயும் உணவாயின, எலும்பு கருவிகளாயிற்று, பல், தலைமக்கள் மார்பில் அணியும் அணியாயிற்று. ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கடல் தந்த கொடையாகவே கருதினர். மேலும், பைக்கேயா என்னும் முன்னோனைத் திமிங்கிலம் சுமந்து கரை சேர்த்தது என்பது அவர்தம் மரபுரை. ஙாய் தாகு மக்கள் பைக்கேயாவின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறிக்கொள்வர். எனவே திமிங்கிலம் அவர்க்கு உணவாகவும் உறவாகவும் ஒருங்கே இருந்தது.

1842-இல் இராபர்ட் பைப் என்பவர் வையோபுக்கா என்னும் இடத்தில் இவ்வூரின் முதற் கரைவேட்டை நிலையத்தை நிறுவினார். கரைவேட்டை என்பது, கப்பலில் நெடுங்கடல் சென்று தேடாமல், கரையிலேயே காவல் இருந்து, திமிங்கிலம் தோன்றியவுடன் துடுப்புப் படகிற் சென்று எறியீட்டியால் கொன்று, கரைக்கு இழுத்து வந்து கொப்பரைகளில் எண்ணெய் காய்ச்சும் முறையாம். அக்காலத்து வேட்டையர் நாடியது பெரும்பாலும் தென்கடலின் ‘ரைட்’ திமிங்கிலம். அவ்வாங்கிலச் சொல்லுக்கு ஈண்டு ‘ஏற்றது’ என்பது பொருள் எனப் பொதுவாக விளக்குவர். மெல்ல நீந்துவதும், கொன்றபின் மூழ்காது மிதப்பதும், மிகுதியான எண்ணெயும் வாய்த்தகடும் தருவதும் ஆகிய இயல்புகளால் வேட்டைக்கு அஃது ‘ஏற்றது’ ஆயிற்று. ஓர் உயிரின் பெயரே அதன் அழிவிற்குக் காரணமான தகுதியைக் குறித்து நிற்றல் காண்க.

நம் மொழியில் வழங்கும் திமிங்கிலம் என்னும் சொல்லோ எதிர்மறையான கருத்திற் பிறந்தது. ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்பது அவ்வடசொல்லின் பொருள். அஞ்சத்தக்கது எனக் கொண்டு இட்ட பெயர் அது. எளிதிற் கொல்லத்தக்கது எனக் கொண்டு இட்ட பெயர் ‘ரைட்’ என்பது. கரையில் நின்று அஞ்சியவர் நோக்கும் படகிற் சென்று கொன்றவர் நோக்கும் இவ்விரு பெயர்களிலும் முறையே விளங்குகின்றன.

வேட்டைக் காலத்தின் சான்றாக இன்றும் நிற்பது பைப் இல்லம் என்னும் மரவீடு. அதன் பழைய பகுதி 1844-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. திமிங்கில முதுகெலும்புக் கணுக்களையே அதற்கு அடித்தாங்கிகளாக வைத்தனர். அவ்வெலும்புகளை இன்றும் அங்கே காணலாம். ஒரு குடியிருப்பின் பொருளியல் அடிப்படை எது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. இராபர்ட் பைப் 1854-இல் கடலில் மூழ்கி இறந்தார்; அவர்க்குப் பின் தொழிலை ஏற்ற உறவினர் ஜார்ஜ் பைப்பும் 1867-இல் நீரில் மூழ்கியே இறந்தார்.

இந்நிலையங்களில் உழைத்தவருள் மாவோரியர் பலர் இருந்தனர். வேட்டையர் மாவோரி மகளிரை மணந்து குடும்பம் அமைத்தனர். ஆதலின் ‘வெள்ளையர் கொன்றனர், மாவோரியர் காத்தனர்’ எனப் பிரித்துக் கூறுதல் வரலாற்றிற்கு ஒவ்வாது. பிற்காலத்தில் காட்சித் தொழிலைத் தொடங்கிய மக்களின் முன்னோர், திமிங்கிலத்தை உறவாகப் போற்றியவரும் ஆவர். அதனை வேட்டையாடியவரும் ஆவர்.

4. நிலம் கைம்மாறியமை

கரைவேட்டை நடைபெற்ற காலத்திலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் ஆங்கில அரசிற்கும் மாவோரித் தலைவர்க்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை எழுந்தது. அதன் இரண்டாம் பிரிவு, ஆங்கிலப் படியில் நிலம், காடு, மீன்பிடி ஆகியவற்றின் உடைமையை மாவோரியர்க்கு உறுதி செய்தது. மாவோரிப் படியில் ‘தவோங்கா’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. விலைமதிப்பற்ற செல்வம் என்பது அதன் பொருள். ஒரே உடன்படிக்கையின் இரு மொழிப் படிகளும் சொல்லுக்குச் சொல் ஒத்திராமையே பின்வந்த வழக்குகள் பலவற்றிற்கு வித்தாயிற்று. மொழிபெயர்ப்பு நுட்பம் அரசியல் உரிமையாகவும் மாறும் என்பதைத் தமிழறிஞர் ஈண்டு உற்று நோக்குதல் தகும்.

1859-இல் கைக்கோவுரா நிலப்பகுதி அரசிற்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 28 இலட்சம் ஏக்கர் நிலத்திற்கு அரசு கொடுத்த விலை 300 பவுன். ஙாத்தி கூரி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் மிகச் சிறிது. கடலை நோக்கி வாழ்ந்த அம்மக்கள் தம் நிலத்தை இழந்து, அடுத்த நூற்றாண்டில் பெரும்பாலும் கூலி உழைப்பை நம்பி வாழும் நிலைக்கு வந்தனர். இதனை விரித்துக் கூறியது எதன்பொருட்டு எனின், 1987-இல் எழுந்த காட்சித் தொழிலை வெறும் சுற்றுலா முயற்சியாகக் கருதாமல், இழந்த உரிமையின் தொடர்ச்சியாகக் காண்டல் வேண்டும் என்பதற்கேயாம்.

5. வேட்டை ஒழிந்த காரணம்

கரைவேட்டை விரைவில் தளர்ந்தது. கன்று ஈனக் கரையோரக் குடாக்களை நாடி வந்த பெண்களையும் அவற்றின் கன்றுகளையும் கொன்றமையால் ‘ரைட்’ திமிங்கிலம் சில பத்தாண்டுகளிலேயே அருகிப்போயிற்று. கைக்கோவுராவில் சிறு அளவில் வேட்டை தொடர்ந்ததாயினும் பழைய வளம் மீளவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நியூசிலாந்து வேட்டையின் நடுவிடம் வடக்கேயுள்ள டோரிக் கால்வாய். அங்குப் பெரானோ குடும்பத்தார் விசைப்படகுகளைக் கொண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்களை வேட்டையாடினர். 1960-இல் அவர்கள் கொன்றவை 226. அதுவே அவர்தம் உச்சம். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்வினம் ஏறக்குறைய வாராதொழிந்தது. இறுதியில் கைக்கோவுராவிற்கு அப்பாலுள்ள கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நாடிச் சென்றனர். 1964-ஆம் ஆண்டு திசம்பரில் நிலையம் மூடப்பட்டது. நியூசிலாந்தின் திமிங்கில வேட்டை அத்துடன் முடிவுற்றது.

226 என்னும் உச்சத்திலிருந்து ஓரினம் இத்துணை விரைவில் அற்றுப்போதல் எங்ஙனம் கூடும்? இதற்கு விடை அக்காலத்து ஆவணங்களில் இல்லை. அவை பொய்யாக எழுதப்பட்டிருந்தன. 1993-இல் உருசிய அறிவியலாளர் அலெக்சேய் யாப்லக்கோவ், சோவியத்து வேட்டைக் கப்பல்கள் தம் பிடிப்பைப் பன்முறை குறைத்துக் காட்டின என்பதை உலகறியச் செய்தார். பின்னர் வெளிவந்த கணக்குகளின்படி 1959-60, 1960-61 ஆகிய இரு பருவங்களில் மட்டும் தென்கடலில் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அவற்றால் கொல்லப்பட்டன. நியூசிலாந்துக் கரையோரம் கடந்து செல்லும் திமிங்கிலங்களும் அத்தென்கடலிலேயே இரைகொள்வன. எனவே டோரிக் கால்வாய் வேட்டை நின்றது, வேட்டையர் மனம் மாறியதால் அன்று; வேட்டையாடத் திமிங்கிலம் இன்மையால். பொதுவழக்கான விளக்கத்தின் முதற்பகுதி இதனால் வீழ்கின்றது.

6. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகள்

1964-க்கும் 1987-க்கும் இடையே மூன்று போக்குகள் தனித்தனியே வளர்ந்து வந்தன.

முதலாவது, திமிங்கிலத்தைப் பற்றிய உலகக் கருத்து மாறியமை. கலிபோர்னியாவின் சான் டியகோவில் 1950-இல் கரையின் மேட்டில் நின்று சாம்பல் திமிங்கிலங்கள் கடந்து செல்வதைக் காண மக்களுக்கு இடம் அமைக்கப்பட்டது. 1955-இல் ஆளுக்கு ஒரு டாலர் கட்டணத்தில் படகிற் கூட்டிச் சென்று காட்டும் தொழில் அங்கே தொடங்கியது. 1970-இல் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டொலி இசைத்தட்டாக வெளிவந்து பலரையும் ஈர்த்தது. 1975-இல் அமெரிக்காவின் கீழைக்கரையில் பிராவின்சுடவுன் என்னும் விடுமுறையூரில் காட்சிப் படகுகள் ஓடத் தொடங்கின. 1982-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை விதிக்க முடிவு செய்தது. நியூசிலாந்தும் 1978-இல் கடல்வாழ் பாலூட்டிகள் காப்புச் சட்டத்தை இயற்றியது.

இரண்டாவது, மாவோரியர் உரிமை இயக்கம். 1975-இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் அமைந்தது. 1987-ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை எனலாம். மாவோரி மொழி அவ்வாண்டிலே ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. உடன்படிக்கையின் நெறிகளை அரசு மதித்தல் வேண்டும் என்னும் பெருந்தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டிலே வழங்கியது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய இயற்கைக் காப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அச்சட்டத்தை உடன்படிக்கை நெறிகளுக்கு ஏற்பவே பொருள் கொண்டு செயற்படுத்தல் வேண்டும் என விதித்தது. பைக்கேயா மரபைப் பொருளாகக் கொண்டு விட்டி இகிமாயேரா எழுதிய புதினம் வெளிவந்ததும் அவ்வாண்டே.

மூன்றாவது, வேலையின்மை. கைக்கோவுரா வழியாகச் செல்லும் வடபெருவழி இருப்புப்பாதை 1945-இல் முழுமை பெற்றது. அதன்பின் நெடுங்காலம் இரயில்வேப் பணி இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றிற்கு ஊதியம் அளித்தது. 1980-களில் அரசு தன் பொதுத்துறைகளைச் சீரமைத்தபோது இரயில்வே ஆட்குறைப்புச் செய்தது. அதனால் மிகுதியும் தாக்குண்டவர் மாவோரியர். சிற்றூரில் வேறு தொழிலும் இல்லை. விற்றுப் பிழைக்க நிலமும் இல்லை.

இம்மூன்றும் ஒருங்கு கூடிய இடமும் காலமும் கைக்கோவுரா, 1987. முதற்போக்கு மட்டும் இருந்திருப்பின் எவரேனும் ஒரு வணிகர் படகு விட்டிருப்பர். அது வரலாற்றில் தனியிடம் பெற்றிராது. மூன்றாவது மட்டும் இருந்திருப்பின் இளைஞர் ஊரை விட்டு நீங்கியிருப்பர்.

7. காட்சித் தொழிலின் தோற்றம்

ஙாத்தி கூரித் தலைவர் பில் சாலமன் முதலியோர் தம் மக்களுக்கு வேலை தேடும் நோக்குடன் இத்தொழிலை எண்ணினர். வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டியிருந்தது. நான்கு குடும்பத்தார் தம் வீடுகளை அடகு வைத்தனர். 1987-இல் எட்டுப் பேர் அமரக்கூடிய காற்றடைத்த சிறுபடகு ஒன்றுடன் தொழில் தொடங்கியது. பின்னாளில் ‘திமிங்கிலக் காட்சிக் கைக்கோவுரா’ என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் பெயர் பெற்ற நிறுவனம் இதுவே.

வீட்டை அடகு வைத்தது துணிவுச் செயல் எனப் புகழ்வதோடு அமைதல் போதாது. நிலம் கைம்மாறிய வரலாற்றை நினைவிற்கொண்டால் அச்செயலின் பொருள் விளங்கும். அவர்கள் கையில் எஞ்சியிருந்தது வீடு ஒன்றே. அதனையே கடலின்மேல் வைத்தனர்.

தொழில் வளர்ந்தது. சிறுபடகு நீங்கிப் பெரிய விசைப்படகுகள் வந்தன. திமிங்கிலம் இருக்கும் இடத்தை அறிய, நீருக்குள் ஒலி கேட்கும் கருவியைப் பயன்படுத்தினர். எண்ணெய்த் திமிங்கிலம் ஆழத்தில் இரை தேடுகையில் விட்டுவிட்டு எழுப்பும் சொடுக்கொலியைக் கேட்டு, அது மேலெழும் இடத்தை உய்த்துணர்வர். ஒலி நின்றால் அது மேலே வருகின்றது எனக் கொள்வர். பயணத்தில் திமிங்கிலம் தோன்றாவிடின் கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும் வழக்கத்தையும் மேற்கொண்டனர். ஏறத்தாழ ஈராயிரம் பேரே வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் பயணிகள் வரலாயினர். தங்குமிடங்களும் உணவகங்களும் பெருகின. வேலையற்றோர் ஊர் விடுமுறையூர் ஆயிற்று.

8. வழக்கும் தீர்ப்பும்

ஆதாயம் உண்டு என்றவுடன் போட்டியும் எழுந்தது. மற்றொரு நிறுவனம் திமிங்கிலக் காட்சிக்கு உரிமம் வேண்டியது. காப்புத் துறையின் தலைமை இயக்குநர், உயிரினக் காப்பிற்குத் தீங்கு இல்லையாயின் உரிமம் மறுத்தற்கு இடமில்லை எனக் கருதினார். ஙாய் தாகு மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது.

வழக்கின் நடுவினா நுண்ணியது. 1840-இல் திமிங்கிலக் காட்சித் தொழில் என ஒன்று இல்லை. இல்லாத தொழிலுக்கு உடன்படிக்கை எங்ஙனம் உரிமை தரும்? அஃது ஒருபுறம். திமிங்கிலமோ அம்மக்களின் மரபிலும் வாழ்விலும் பிணைந்தது; மீன்பிடியும் கடலும் அவர்க்கு உறுதி செய்யப்பட்டவை. அஃது ஒருபுறம். நீதிமன்றம் இரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைக் கண்டது. வணிகமுறைத் திமிங்கிலக் காட்சி தன்னளவில் ‘தவோங்கா’ அன்று. பழைய மீன்பிடி உரிமையும் அன்று. ஆயினும் அவற்றோடு அது நெருங்கிய தொடர்புடையது. வந்தோர்க்குத் தம் நாட்டு இயற்கை வளத்தை வழிநின்று காட்டுதல் நிலத்திற்கு உரிய மக்களின் இயல்பான பணி. அத்தொழிலை அங்குத் தொடங்கி வளர்த்தவரும் அவரே. ஆகவே உரிமம் வழங்குங்கால் அவர்க்கு ஓரளவு முன்னுரிமை அளித்தலை அரசு கருதுதல் வேண்டும் என்றது. அம்முன்னுரிமையும் உயிரினக் காப்பிற்கும் பணியின் தரத்திற்கும் உட்பட்டதே. பிறரை முற்றும் விலக்கும் உரிமையை நீதிமன்றம் தரவில்லை.

இத்தீர்ப்பின் சிறப்பு யாதெனின், மரபு என்பது பழமையில் உறைந்து கிடப்பது அன்று, புதுத்தொழிலாகவும் வளரவல்லது என்பதை அது ஏற்றமையாம். ‘உம் முன்னோர் செய்யாத தொழிலில் உமக்கு உரிமை இல்லை’ எனின், பழங்குடி மக்கள் பழமையைக் காட்டும் பொருளாக மட்டுமே வாழ்தல் கூடும். 1998-இல் இயற்றப்பட்ட ஙாய் தாகு உரிமைத் தீர்வுச் சட்டத்தின்வழி அரசு மன்னிப்புக் கோரி, 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள ஈடும் அளித்தது. 300 பவுனுக்குப் பெற்ற நிலத்தை நோக்க இஃது ஈடாகுமா என்பது வேறு வினா.

9. காட்சியின் எல்லை

பார்த்தல் தீங்கற்றது எனக் கொள்ளுதல் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. மேலெழுந்து கிடக்கும் சில நிமிடங்களில்தான் திமிங்கிலம் மூச்சு வாங்கி அடுத்த மூழ்கலுக்கு ஆயத்தம் செய்கின்றது. அந்நேரத்தைப் படகுகள் குலைத்தல் கூடும். இது கருதியே 1992-ஆம் ஆண்டு விதிகள் எல்லை வகுத்தன. ஒரு திமிங்கிலத்திற்கு 300 மீட்டர் அளவிற்குள் மூன்று கலங்களுக்கு மேல் இருத்தல் ஆகாது. எக்கலமும் 50 மீட்டருக்கு உள்ளே அணுகலாகாது. கன்றோடு கூடிய தாயாயின் 200 மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். 2014-இல் இக்கடற்பகுதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படிக் கடலடிப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி இக்குரங்கிக் கடற்காப்பகமாயிற்று. திமிங்கிலக் காப்பிடமும் தனியே வகுக்கப்பட்டது. ஊர்மக்கள், மீனவர், பழங்குடியினர் முதலியோர் 2005 முதல் ஒருங்கு கூடி ஆராய்ந்த முடிவுகளே அச்சட்டத்திற்கு அடிப்படை.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது பொழுதில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. கடற்கரை மேலெழுந்தது, படகுத்துறையின் ஆழம் குறைந்தது, பெருவழிகளும் இருப்புப்பாதையும் மண்சரிவால் அடைபட்டன. துறையைத் தூரெடுத்து ஆழப்படுத்தும்வரை, கடற்பெருக்கு மிக்க பொழுதிலேயே படகுகள் இயங்க இயன்றது. வடக்குப் பெருவழி 2017 திசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நீருக்கடியிலும் பெருஞ்சரிவு நிகழ்ந்து பள்ளத்தாக்கின் அடித்தள உயிர்களை வாரிக்கொண்டு சென்றது. திமிங்கிலங்கள் நிலநடுக்கத்தின் பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வழக்கத்தினும் மிகுந்த நேரம் நீர்மேல் தங்கின என ஆய்வாளர் கண்டனர். இரை தேடும் முயற்சி அவற்றிற்குக் கடினமாயிற்று என்பது இதனாற் கருதப்படுகின்றது.

நிலநடுக்கத்தினும் மெல்லவும் ஆழமாகவும் நிகழும் மாற்றம் ஒன்றும் உண்டு. ஓட்டகோ பல்கலைக்கழகத்தார் 1990-கள் தொட்டு ஒவ்வொரு திமிங்கிலத்தையும் வாலின் வடுக்கொண்டு அடையாளம் கண்டு எண்ணி வந்துள்ளனர். கைக்கோவுராவிற்கு வரும் எண்ணெய்த் திமிங்கிலங்களின் தொகை, கோடைப் பருவத்தில் சிறப்பாக, குறைந்து வந்துள்ளமையை அக்கணக்கு காட்டுகின்றது. ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்டுதல் இயலவில்லை. கடல் வெப்பநிலை மாற்றத்தையும் இரைவளத்தையும் ஆராய்ந்து வருகின்றனர். வேட்டையில்லாக் காலத்தில், சட்டக் காப்புள்ள கடலில் இது நிகழ்வது கருதத்தக்கது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. நியூசிலாந்தில் திமிங்கில வேட்டை ஒழிந்தது அருள் பிறந்ததால் அன்று, இனம் அற்றதால். அவ்வழிவின் உண்மையான அளவைப் பொய்க் கணக்குகள் முப்பது ஆண்டுகள் மறைத்து வைத்தன. கைக்கோவுராவில் காட்சித் தொழில் பிறந்தது வேட்டையின் நேர்த்தொடர்ச்சியாக அன்று. உலகக் கருத்து, பழங்குடி உரிமை, வேலையின்மை என்னும் மூன்றும் 1987-இல் கூடியதனால். அத்தொழிலின் பயன் அதனைத் தொடங்கிய மக்களிடமே பெரும்பாலும் தங்கியது தற்செயலாக அன்று. 1840-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஒரு சொல்லை 1995-இல் நீதிமன்றம் வாழும் சொல்லாகக் கொண்டமையால்.

ஒன்றைப் பாராமற் காத்தலினும் பார்த்துக் காத்தலே எளிது என்பர். பார்ப்பவர் தரும் பொருள், காப்பவர்க்கு ஊதியமாகின்றது, உண்மையே. ஆயின் அவ்வூதியம் திமிங்கிலம் வரும்வரையே நிலைக்கும். வேட்டையர் காலத்து ஊர் திமிங்கிலம் இன்மையால் தன் தொழிலை இழந்தது. காட்சியாளர் காலத்து ஊரும் அதே உயிரையே நம்பியிருக்கின்றது. வேறுபாடு யாதெனின், இன்றுள்ளோர் அதனை ஒவ்வொன்றாக எண்ணி வருகின்றனர், கணக்கை மறைக்கவில்லை. குக் இக்கரைக்கு இட்ட பெயர் வழக்கொழிந்தது. அப்பெயர்க்கு உரியராயிருந்த மக்களின் வழிவந்தோர், தாம் பார்த்து நிற்றலோடு அமையாது, உலகத்தார்க்கும் அக்கடலைக் காட்டி நிற்கின்றனர்.